தேர்வு முடிவுக்கு முன்பே மூடிவிடும் கதவுகள்

பி.எஸ்சி. கடைசிப் பருவத் தேர்வு முடிந்து, முடிவு வெளியாகி, மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று கூரத்திலும் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகள் நம்புகின்றன. "மொதல்ல டிகிரிய முடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லாத தகப்பன் குறைவு. புள்ளியியலில் முதுநிலை படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இதைவிடக் கேடான அறிவுரை கிடையாது. அந்த 'அப்புறம்' வந்து சேரும்போது, நாட்டின் முதல் வரிசைக் கல்வி நிலையங்களில் விண்ணப்பக் காலம் முடிந்து மாதக்கணக்காகியிருக்கும்.

நாள்காட்டியைப் பார்த்தாலே நிலைமையின் தீவிரம் புரியும். ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதில் கணிதப் புள்ளியியல் தனித் தாள். மும்பை, கான்பூர் ஐ.ஐ.டி.க்களின் புள்ளியியல் முதுநிலை வகுப்புகளுக்கு அதுதான் வாசல். விண்ணப்பம் செப்டம்பரில் திறந்து அக்டோபரில் மூடிவிடும், தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் மூடும்போது நம் மாணவர் ஐந்தாம் பருவத்தின் நடுவில்தான் இருப்பார். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 'க்யூட்' முதுநிலைத் தேர்வு. அதன் விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் பனிக்காலத்திலேயே முடிந்து, மார்ச்சில் தேர்வும் நடந்துவிடுகிறது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் கழகம் எம்.ஸ்டாட். படிப்புக்கு மார்ச் வாக்கில் விண்ணப்பம் வாங்கி, மே மாதத்தில் தேர்வு வைக்கிறது. கூரத்துப் பெண்ணோ பையனோ ஆறாம் பருவத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வெளியே வரும்போது இவை அனைத்துக்கும் விண்ணப்பிக்கும் நாள் போய்விட்டிருக்கும்.

இந்த மூன்றுக்கும் இறுதியாண்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பட்டம் கையில் இருக்க வேண்டியதில்லை. சேர்ந்த பிறகு, அவர்கள் குறிக்கும் நாளுக்குள் தேர்ச்சிச் சான்றைக் காட்டினால் போதும். இந்த ஒரு செய்தி போய்ச் சேராததால் ஆண்டுதோறும் தகுதியுள்ள பிள்ளைகள் வரிசையில் நிற்கும் வாய்ப்பைக்கூட இழக்கிறார்கள். தேர்வில் தோற்பது வேறு. தேர்வு என்ற ஒன்று நடப்பதே தெரியாமல் போவது அநியாயம். அந்த அநியாயத்துக்குக் கல்லூரிகளும் அரசும் பொறுப்பேற்க வேண்டும்.

படிப்பைத் தேடி வெளியூர் போவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், இராமானுசருடன் ஒரு நூலைத் தேடிக் காஷ்மீர் வரை போனதாக வைணவ மரபு சொல்லும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, இவ்வூர்க் கோயிலில் பாரதம் படிப்பதற்கென்று தனிப் பங்கு ஒதுக்கியதைப் பதிவு செய்கிறது. காஞ்சியின் கடிகை என்ற கல்விச்சாலையில் உயர்கல்வி பெறக் கன்னட நாட்டிலிருந்து மயூரசர்மன் வந்ததைத் தாளகுந்தாக் கல்வெட்டு சொல்கிறது. படிப்பதற்குப் பங்கு ஒதுக்கிய ஊரில், இன்று ஒரு விண்ணப்பத் தேதியைச் சொல்ல ஆளில்லை என்பதை ஏற்க முடியாது.

புள்ளியியலுக்கே வருவோம். பொன்னேரிப் பள்ளியில் படித்த ஒரு தலைமையாசிரியரின் மகன், தாம்பரத்தில் இன்டர்மீடியட் முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் சேர்ந்து, 1959-இல் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு ஆய்வு மாணவராகப் போனார். பொன்னேரி அன்று காஞ்சிபுரத்தைப் போலவே செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். அந்த மாணவர்தான் எஸ்.ஆர்.எஸ். வரதன், 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்றவர். அவருக்குச் சற்று முன் அதே மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு அதே கழகத்துக்குப் போனவர் வி.எஸ். வரதராஜன். சென்னை விவேகானந்தா கல்லூரியிலிருந்து போனவர் கே.ஆர். பார்த்தசாரதி. கழகத்தின் புள்ளியியல் பேராசிரியர் சி.ஆர். ராவின் நிழலில் இவர்கள் செய்த வேலையை உலகம் இன்றும் மேற்கோள் காட்டுகிறது. சென்னைக் கல்லூரி வகுப்பறைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே அன்று ஒரு பாதை இருந்தது. ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது, அவர் மாணவருக்குச் சொன்னார், மாணவர் போனார். அந்தப் பாதையில் இன்று புல் முளைத்துக் கிடக்கிறது.

காரணம் பிள்ளைகளின் அறிவுக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் வகுப்பறைகள் வேறொரு தேர்வுக்குத் தயார் செய்கின்றன. ஐந்தாண்டு வினாத்தாளைப் புரட்டி, வரக்கூடிய தேற்றங்களை மனப்பாடம் செய்து, கணக்கில் எண்ணை மாற்றிப் போட்டால் பருவத் தேர்வில் எண்பது மதிப்பெண் கிடைத்துவிடும். எம்.ஸ்டாட். நுழைவுத் தேர்வில் காலையில் ஒரு கொள்குறித் தாள். பிற்பகலில் எழுதி நிறுவ வேண்டிய தாள். பிற்பகல் தாளில் ஒரு கணக்கைப் பார்த்ததும் எந்தச் சூத்திரம் என்று தெரியாது. அணிக்கோவை, மெய்ப் பகுப்பாய்வு, நிகழ்தகவு மூன்றையும் சேர்த்து அரை மணி நேரம் யோசிக்க வேண்டும். அப்படி யோசிக்க நம் பிள்ளைகளால் முடியும், யாரும் பழக்கவில்லை. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களும் இலவசம். ஆனால் முதலாம் ஆண்டிலேயே அவற்றை எடுத்துக் காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களின் உழைப்பில் துறையை ஓட்டிக்கொண்டு, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத அவர்களிடம் இதையும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் இந்தப் பேச்சுக்குப் பொருளில்லை.

மொழியும் ஒரு தடை. மேல்நிலைப் பள்ளியில் புள்ளியியலைத் தமிழில் படித்துத் தேறிய மாணவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இளநிலை க்யூட் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுத முடிகிறது. முதுநிலைக்கு வந்தால் ஆங்கிலமும் இந்தியும்தான். இந்திவழி மாணவருக்கு உள்ள வசதி தமிழ்வழி மாணவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வியைத் தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உரக்கக் கேட்க வேண்டும்.

அடுத்தது சான்றிதழ். நம் பிள்ளைகளிடம் இருப்பது மாநில அரசின் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்று. மத்திய நிறுவனங்களோ மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்று கேட்கின்றன, அதுவும் வளமான பிரிவைச் சேராதவர் என்று அவர்கள் குறிக்கும் காலத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர்ந்து வருவதற்குள் கடைசி நாள் கடந்துவிடும். சான்று இல்லாத பிள்ளை பொதுப் பிரிவில் போட்டியிடுகிறது. கட்டணச் சலுகை உள்ள இடங்களில் அதையும் இழக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் தந்தை பெயர், விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம். இந்தக் குழப்பத்தில் மட்டும் எத்தனை பேர் பாதியில் நிறுத்தியிருப்பார்கள்!

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். ஜாம், க்யூட், எம்.ஸ்டாட். ஒவ்வொன்றுக்கும் சலுகை இல்லாதவருக்கான கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பட்டுப் புடவைக்கு வாரக்கணக்கில் தறியில் உட்கார்ந்து கூலி வாங்கும் வீட்டில், கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத மூன்று தேர்வுகளுக்கு அந்தத் தொகையை எடுத்து வைப்பது எளிதில்லை. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் எத்தனையோ பெண்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது. அந்த உதவி இளநிலையோடு நின்றுவிடுகிறது. முதுநிலை என்று பேச்சு எடுக்கும்போதே, "பி.எட். சேத்துடலாம், வேலைக்கு ஆவும், எம்.எஸ்சி. எதுக்கு" என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது. பி.எட். நல்ல படிப்புதான். ஆனால் வேறு வழி இருப்பதே தெரியாமல் எடுக்கும் முடிவு முடிவாகாது. இந்தியப் புள்ளியியல் கழகத்தில் எம்.ஸ்டாட். படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

அந்தச் சலுகை எத்தனை நாளைக்கு என்பதும் இப்போது கேள்விக்குறி. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தக் கழகத்துக்குப் புதிய சட்டம் கொண்டுவர, மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டது. கழகம் தன் வருவாயைத் தானே பெருக்கிக்கொள்ள வேண்டும் என்ற போக்கு அதில் இருக்கிறது. நிறுவனத்தின் தன்னாட்சி போய்விடும், மாணவர் கட்டணம் வந்துவிடும் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் போராட்டத்தில் இறங்கினர். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நாட்டிலேயே மிக நியாயமான வாசலாக இருந்த ஒன்றைக் கட்டண வாசலாக்கக் கூடாது என்பதே நம் நிலை.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் கதையும் ஆறுதல் தருவதாக இல்லை. காஞ்சிபுரத்துக் கல்லூரிகள் பலவற்றுக்குத் தாய் வீடான சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு நெடுங்காலம் துணைவேந்தர் இல்லாமல் நடந்தது. 2024-இல் அதன் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. சேப்பாக்கத்தில் புள்ளியியலும் காப்பீட்டுக் கணிதமும் முதுநிலையில் கற்பிக்கும் இடம் அது. நம்மூர்ப் பிள்ளை காலை ரயிலேறிப் போய்ப் படித்துவிட்டு இரவு வீடு திரும்பக்கூடிய தொலைவில் உள்ள பல்கலைக்கழகம் தளர்ந்தால், வெளிமாநிலம் அனுப்பத் தயங்கும் பெற்றோரின் மகள்களுக்குப் படிப்பே இல்லை என்றாகிவிடும்.

புள்ளியியல் ஏதோ சிலருக்கான படிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021-இல் நடக்காமல் போனது. அடுத்தது 2027-இல். ரேஷன் பயனாளிகளின் எண்ணிக்கைக்கு இன்னும் 2011 கணக்கே அடிப்படை. தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் என்ற வாதமும் எண்களை வைத்துத்தான் நடக்கப்போகிறது. கைத்தறிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-10-இல் நாடு முழுதும் 43.31 லட்சமாக இருந்த நெசவாளர், துணைத் தொழிலாளர் எண்ணிக்கை 2019-20-இல் 35.22 லட்சம் என்று வந்தது. உண்மையிலேயே எட்டு லட்சம் பேர் தறியை விட்டார்களா, எண்ணிய முறையில் ஏதாவது விடுபட்டதா? எத்தனை வீடுகள் கணக்கில் வந்தன என்பதைப் பொறுத்தே திட்டமும் நிதியும் வருகின்றன. இந்தக் கேள்வியைத் தறிவீட்டில் பிறந்து புள்ளியியல் படித்த ஒருவர் கேட்டால், கேட்கும் விதமே வேறாக இருக்கும். குடத்தில் ஓலையிட்டு, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, பாரபட்சமில்லாத தேர்வு என்ன என்பதை உத்திரமேரூரில் கல்லில் வெட்டி வைத்த மாவட்டம் இது. மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் கூறெடுப்பு என்ற கலையே அந்தப் பாரபட்சமின்மையில்தான் நிற்கிறது.

மாவட்டத்தில் கணிதமோ புள்ளியியலோ கற்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் ஆகஸ்ட் மாதத்திலேயே இறுதியாண்டு மாணவர்களை உட்காரவைத்து, எந்தத் தேர்வு எப்போது என்று சொல்ல வேண்டும். கல்லூரிக் கணினியிலேயே விண்ணப்பத்தைப் போட வைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர், ஜூலை மாதத்தில் கல்லூரி வளாகங்களிலேயே ஓ.பி.சி. சான்று முகாம் நடத்த உத்தரவிட வேண்டும். நான் முதல்வன் திட்டத்தின் கீழ் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் கொடுக்க முன்வந்த மாநில அரசால், அரசுப் பள்ளியில் படித்து முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டணத்தை ஏற்க முடியாதா? முடியும். அரசுக்கு இது பெரிய செலவில்லை.

மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். ஓ.பி.சி. சான்றுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜாம் விண்ணப்பம் செப்டம்பரில் திறக்கிறது, அக்டோபரில் மூடிவிடும். வீட்டில் கேட்டால், பட்டம் வாங்குவதற்கு முன்பே போடலாம் என்று சொல்லுங்கள்.