வீட்டுத் தோட்டம்: விதை யாருடையது?

நாஞ்சில் நாட்டுப் புறவாசலிலும் பீட்ரூட் விளையும். நாம் ஊன்றும் சொரசொரப்பான உருண்டை, விதைகள் சில ஒட்டிச் சேர்ந்த காயேயாகும். ஆகவே முளைத்ததும் வலுவான நாற்று ஒன்றை நிறுத்தி ஏனையவற்றைக் கிள்ளிவிட வேண்டும்; இரக்கம் காட்டினால் கிழங்கு சிறுத்துவிடும்.

ஆனால், மறு வருஷத்துக்கு விதை? குளிர்காலம் ஒன்றைக் கடந்த பின்பே பீட்ரூட் பூத்து விதை தரும். அக்குளிர் நீலகிரியில் உண்டு, நாகர்கோவிலில் இல்லை. 1892-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டெட்ராய்ட் டார்க் ரெட்' விதையை நாம் இன்றும் கடையில்தான் வாங்குகிறோம். அதில் வெட்கமில்லை. பாட்டிமார் சாம்பலில் புரட்டிக் காத்த வழுதுணை விதையையும் கடையில் தேடுகிறோமே, அதுவே வெட்கம்! இவ்வருஷம் நல்ல செடியில் ஒரு காயையேனும் பறிக்காமல் பழுக்க விடுவோமாக.