சேருக்கு கெப் பொருந்தாதா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஊர் விசயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் போன மாதம் பாவித்த சிங்கிள் கெப் ஒன்று வாங்கினார். முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் சாமான் ஏற்றலாம். அவ்வளவுதான். முதல் நாள் அதில் பாடசாலைக்கு வந்தார். ஆசிரியர் அறையில் அன்று முழுக்க அதுதான் கதை. "என்ன சேர், மரக்கறி யாவாரமா?" என்றார் ஒருவர். "அதிபராக வாற வயசுல ஒங்களுக்கு இது தேவையா?" என்றார் இன்னொருவர். "டை கட்டிட்டு கெப்ல வாற மொத ஆள் நீங்கதான்" என்று மூன்றாமவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். ஆம், நாங்களும்தான் சிரித்தோம். அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்கு உபதேசம் பண்ண வரவில்லை.

நான்காம் நாள் அவர் பழையபடி மோட்டார் சைக்கிளில் வந்தார். கெப் எங்கே என்று கேட்டோம். "ஊட்ட நிக்குது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தைதான் எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது.

முதலில் ஒரு கேள்வி. நம்மூருக்கு அரசியல்வாதி வந்து இறங்கும் வாகனம் எது? டபிள் கெப். பெரிய திணைக்கள அதிகாரிகள் வந்து இறங்குவது எதில்? அதிலும் டபிள் கெப்தான் அதிகம். அது பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றால் எழுந்து நின்று ஸலாம் சொல்கிறோம். நான்கு கதவு இருந்தால் கண்ணியம், இரண்டு கதவு இருந்தால் கேவலமா? இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே மாதிரித் தட்டுத்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவர்களுடைய தட்டு வெறுமையாக இருக்கும். எங்கள் ஆசிரியருடைய தட்டில் நெல் மூடை இருக்கும்.

ஆகவே நமக்குப் பிரச்சினை வாகனமில்லை, மூடைதான். உழைப்பு வெளியே தெரிவதுதான் நமக்கு வெட்கம்.

அவர் அந்த கெப்பை ஏன் வாங்கினார் தெரியுமா? வாப்பாவுக்கு வயது போய்விட்டது. மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. விதை நெல் கொண்டு போக ஒரு ஹயர், பசளைக்கு ஒரு ஹயர், அறுவடைக்குப் பிறகு இன்னொரு ஹயர். ஒவ்வொரு போகத்திலும் கூலியாகப் போகும் காசை எண்ணிப் பார்த்தவர், வயலைக் குத்தகைக்குக் கொடுப்பதா, தானே பார்ப்பதா என்று யோசித்து, தானே பார்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறார். காலையில் வகுப்பு, பாடசாலை விட்ட பிறகு வயல். இதில் எந்த இடத்தில் ஆசிரியர் தொழிலுக்கு இழுக்கு வந்தது?

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு உடை ஒழுங்கு சொல்லித் தந்தார்கள். நேரத்துக்கு வரச் சொன்னார்கள். பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் போகக் கூடாது என்றார்கள். எந்த வாகனத்தில் வந்தால் ஆசிரியர் என்று ஒரு பாடம் அங்கே இருக்கவில்லை. அந்தப் பாடத்தை நாங்களாகத்தான் உண்டாக்கிக்கொண்டோம்.

இந்த "மதிப்பு" எங்களுக்கு என்ன விலைக்கு வருகிறது என்றும் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்க 2025 ஆனது. அந்த ஐந்து வருடத்தில் பாவித்த சிறிய கார்களின் விலை எங்கே போனது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் லீசிங் போட்டு கார் எடுத்தோம். வீட்டிலிருந்து பாடசாலைக்கு இரண்டு கிலோமீற்றர். மற்ற நேரமெல்லாம் அது மாமரத்துக்குக் கீழே உறை போட்டு நிற்கிறது. லீசிங் மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

2021 இல் சம்பளம் போதாது என்று ஒன்லைன் வகுப்புகளை நிறுத்தி, ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை போராடினோம். அது நியாயமான போராட்டம். இன்றும் சொல்வோம். ஆனால் போதாத அதே சம்பளத்தை வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டக் கார் வாங்கினால், அந்தத் தவணை எங்கிருந்து வரும்? பின்னேர டியூஷனில் இருந்து வரும். காலையில் வகுப்பில் களைத்துப்போய் நிற்கும் ஆசிரியர், பின்னேரம் காசு கட்டும் பிள்ளைக்கு உற்சாகமாகப் படிப்பிப்பதை நீங்களும் கண்டிருக்கிறீர்கள், நாங்களும் கண்டிருக்கிறோம். டியூஷன் கொடுக்கும் எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. எங்கள் மதிப்புக்கான தவணையை சில இடங்களில் காசில்லாத வீட்டுப் பிள்ளை கட்டுகிறது என்றுதான் சொல்கிறோம்.

2022 ஐ இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? கியூஆர் முறை தொடங்கியபோது கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அதற்கு முந்திய கிழமைகளில் அதுவும் இல்லை. எண்ணெய்க் கியூவில் இரவிரவாக நின்றபோது சேர் யார், கூலிக்காரர் யார் என்று யாரும் பார்க்கவில்லை. அதற்கு முதல் வருடம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு விளைச்சல் விழுந்திருந்தது. அந்த நாட்களில் யார் வீட்டில் சொந்த நெல் இருந்ததோ அவர் நிம்மதியாகத் தூங்கினார். காரைக் காட்டி ஒரு சுண்டு அரிசியாவது வாங்க முடிந்ததா?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "சிங்கிள் கெப்பில் மனைவி, மூன்று பிள்ளைகளை எப்படி ஏற்றுவது?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. பிள்ளைகளைப் பின்னால் தட்டில் இருத்திக்கொண்டு போவது ஆபத்து, அதை யாரும் செய்யக் கூடாது. குடும்பத் தேவைக்காக ஒருவர் கார் வாங்கினால் அது அவருடைய உரிமை. அதைக் குறை சொல்ல நாங்கள் யார்? "மீன் வாடையோடும் சேற்றோடும் பாடசாலைக்கு வரலாமா?" என்றால், வரக்கூடாதுதான். கழுவிவிட்டு வர வேண்டும். எங்கள் ஆசிரியர் கழுவிவிட்டுத்தான் வந்தார். வசதி இல்லை என்பது ஒரு காரணம். மதிப்பு இல்லை என்பது காரணமே அல்ல, அது பெருமை. நம் மார்க்கத்தில் பெருமைக்கு என்ன இடம் என்பதை மௌலவிமார் மிம்பரில் சொல்லக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கழுதையில் சவாரி செய்தார்கள். முஆத் இப்னு ஜபல் ரழியல்லாஹு அன்ஹு அவர்களைத் தமக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த முஆத் அவர்கள்தான் பின்பு யெமன் மக்களுக்கு மார்க்கம் படிப்பிக்க அனுப்பப்பட்டவர்கள். அவர்களும் ஓர் ஆசிரியர்தான். கலீபா உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் பசித்த பிள்ளைகளுக்காக மா மூடையைத் தம் முதுகிலேயே சுமந்து போன சம்பவத்தை நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிறோம். பரீட்சைக்கும் கேட்கிறோம். பாடசாலை கேட்டில் மூடையோடு ஒரு சேர் வந்தால் மட்டும் சிரிக்கிறோம்.

தூரத்துக் கதை என்று நினைத்தால் பக்கத்துக் கதை ஒன்று. இலங்கையின் முதலாவது முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். 1942 இல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அவரைக் கல்முனைக்கு அனுப்பியது எதற்கு? உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கு. அந்தக் காலத்தில் சிவில் சேவையை விடப் பெரிய கந்தோர் உத்தியோகம் இருக்கவில்லை. அந்த உத்தியோகத்தில் இருந்தவருக்குக் கொடுத்த வேலையே நம் பக்கத்து வயல்தான். பிறகு அவர்தான் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். வயலோடு சம்பந்தப்பட்டதால் அவருடைய மதிப்பு குறையவில்லை.

இப்போது எங்களை உறுத்துகிற விசயத்துக்கு வருகிறோம்.

எங்கள் ஆசிரியர் அறைக்கும் தரம் 8 வகுப்புக்கும் நடுவில் இருப்பது அரைச்சுவர்தான். நாங்கள் சிரித்த சிரிப்பு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அந்த வகுப்பில் ஒரு மகன் இருக்கிறான். அவனுடைய வாப்பா பட்டா வாகனத்தில் மீன் கொண்டு போய் விற்கிறவர். போன கிழமை காலையில் பார்த்தோம். பாடசாலைக்கு ஒரு சந்தி முன்னாலேயே பட்டாவை நிறுத்தச் சொல்லி இறங்கி, புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தான். அந்த மனிதர் மகன் கேட்டுக்குள் நுழையும் வரை சந்தியிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவன் முன்பிருந்தே அப்படித்தான் இறங்குகிறானா, எங்கள் சிரிப்புக்குப் பிறகுதானா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. ஆனால் அவனுடைய சீருடையும் கொப்பியும் அந்தப் பட்டாவில் வந்தவை. அதைப் பற்றி வெட்கப்படலாம் என்று அவனுக்கு யாரோ படிப்பித்திருக்கிறார்கள். படிப்பிப்பது எங்கள் தொழில். அந்தப் பாடத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஆசிரியர்களே, அடுத்தவருடைய வாகனத்தைப் பார்த்து அவருடைய தரத்தை அளப்பதை நிறுத்துவோம். அரைச்சுவருக்கு அப்பால் காது இருக்கிறது.

கலியாணம் பேசுகிறவர்களே, மாப்பிள்ளை என்ன வாகனம் ஓடுகிறார் என்று கேட்பதற்கு முன், அதற்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேளுங்கள். கடனில்லாத கெப், கடனோடு வரும் காரை விட உங்கள் மகளுக்கு நிம்மதி தரும்.

பெற்றோர்களே, பட்டாவோ, ஓட்டோவோ, லேண்ட் மாஸ்டரோ, பிள்ளையைக் கேட்டுக்கு முன்னாலேயே கொண்டு வந்து இறக்குங்கள். கேட்டில் நின்று உங்களுக்கு ஸலாம் சொல்வது எங்கள் பொறுப்பு.

அந்த ஆசிரியரிடம் நாளைக் காலையில் மன்னிப்புக் கேட்கப் போகிறோம். பாடசாலை விட்ட பிறகு அவருடைய கெப்பிலேயே வயலுக்கும் போவதாக முடிவு. முன்னால் ஒருவருக்குத்தான் இடம். மற்றவர்கள் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருகிறோம். பசளை மூடை இறக்க ஆள் தேவையாம்.

அல்லாஹ் நம் எல்லோருடைய உழைப்பிலும் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.