மலையைப் பார்த்தால் போதுமா?

'மலைகளின் இளவரசி' என்று கோடைக்கானலைப் புகழாதார் இல்லை. ஆனால் அந்த இளவரசியைக் காண வருவோரில் எத்தனை பேர் வண்டியை விட்டு இறங்கி நடக்கிறார்கள்? வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் கூடுகின்ற பெருமாள்மலையில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் இதைக் கேட்கிறேன்.

சென்ற மே விடுமுறையில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடை முன் ஒரு கார் நின்றது. "தம்பி, இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார் உள்ளே இருந்த பெரியவர். ஊருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் பெருமாள் மலைச் சிகரத்தைக் காட்டினேன். "அதுவா? சரி, ஏரிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார். "பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும் ஐயா" என்றேன். கார் நகர்ந்தது, நூறு அடி போய் வண்டி வரிசையில் மறுபடியும் நின்றது.

1845இல் அமெரிக்கப் பாதிரிமார் இங்கே வீடு கட்டியபோது மோட்டார் சாலை ஏது? பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தும், குதிரையிலும், டோலியிலும் ஏறி வந்தார்கள். இன்றும் கூட்டம் அலைமோதும் 'கோக்கர்ஸ் வாக்' என்பது என்ன? 1872இல் மலைவிளிம்பில் அமைத்த ஒரு நடைபாதைதானே! ஆல்ப்ஸ் மலைநாடாகிய சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நடைவழிகள் உண்டு. இன்ன ஊருக்கு நடந்தால் இத்தனை மணி நேரம் ஆகும் என்று மஞ்சள் பலகைகள் வழி சொல்கின்றன. அங்கே மலைக்குப் போவதென்றால் நடப்பதென்றே பொருள்.

"காட்டில் நடப்பது ஆபத்தல்லவா?" எனக் கேட்பீர்கள். உண்மைதான். 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை யார் மறப்பர்? புல் காய்ந்த காலத்தில் மலையேறக் கூடாது. வனத்துறை அனுமதியும், வழி தெரிந்த துணையும் இன்றி ஏறவே கூடாது. காட்டெருமை நிற்கும் இடத்தையும், மூடுபனி இறங்கும் வேளையையும் வெளியூரார் எவ்வாறு அறிவர்? மலையில் பிறந்தவனுக்கு அது தெரியும்.

ஆனால் மலையில் பிறந்த அந்த இளைஞனோ, பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிக் கொண்டிருக்கிறான்! 2024இல் தமிழக அரசு பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. வரவேற்கிறேன். அத்திட்டம் மலைக்கிராமங்கள்தோறும் விரிய வேண்டும். அதே ஆண்டு மே மாதம் வந்த இ-பாஸ் முறையால் வண்டிகளை எண்ணலாம். வந்தவர்களை நடக்க வைக்குமா?

வருவோரே! ஏரியில் படகு விடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளேனும் காப்பித் தோட்டங்களைக் கடந்து, சோலைக் காட்டு நிழலில் எங்களோடு நடந்து வாருங்கள். குப்பையைக் கையோடு திருப்பிக் கொண்டு போங்கள். வழிகாட்டும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு உரிய கூலியைக் கொடுங்கள். "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று எவரும் கேட்காத நாள் வரவேண்டும். அந்நாள் எந்நாளோ!