நீறு பூத்த நெருப்புக்கு யூபிஎஸ் காவலாகுமா?

ஆஸ்திரியா, போலந்து, சுவீடன் போன்ற குளிர்நாடுகளின் ஊர்ப்புறங்களில் இன்றும் பல வீடுகளைச் சூடாக்குவது விறகுக் கொதிகலன்தான். அடித்தளத்தில் விறகு எரிகிறது. அதைச் சுற்றியுள்ள உறையில் தண்ணீர் சூடேறுகிறது. பம்ப் அதை அறைகளுக்கு அனுப்புகிறது. பனிப்புயலில் மின்சாரம் போனால் பம்ப் நின்றுவிடும், நெருப்போ நிற்காது. இதற்குப் பலர் சொல்லும் பதில், “ஒரு யூபிஎஸ் போதும், அதையும் மீறினால் பாதுகாப்பு வால்வு இருக்கிறது” என்பது. கேட்க நிம்மதி தரும் இந்தப் பதில் அந்த வீட்டில் உறங்குபவர்களைக் காப்பாற்றாது.

மின்சாரம் போய்க் கொதிகலனுக்குக் காற்றூதும் மின்விசிறி நின்றால் காற்று குறையும், தீ தானே அணைந்துவிடும் என்பது முதல் வாதம். தீயின் வேகம் தணியும் என்பது சரி. ஆனால் தணல் அணைவதில்லை. நீறு பூத்த நெருப்பு என்று நாம் சும்மா சொல்வதில்லை. கணக்கிட்டுப் பார்ப்போம். உறையில் 80 டிகிரி சூட்டில் 100 லிட்டர் தண்ணீர் இருந்தால், அதைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 2.3 யூனிட் வெப்பம் போதும். ஒரு கிலோ உலர்ந்த விறகில் சுமார் 4 யூனிட் இருக்கிறது. அப்போதுதான் 10 கிலோ விறகு அடுக்கியிருந்தால், அதில் ஒரு சிறு பங்கே ஆபத்துக்குப் போதுமானது. எண்ணெய், எரிவாயு என்றால் குழாயை அடைத்ததும் தீ நின்றுவிடும். உள்ளே போட்ட விறகைத் திரும்ப எடுக்க முடியாது. பதறிப்போய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவியே ஆளைச் சுட்டுவிடும்.

யூபிஎஸ் பயனற்றதல்ல. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைச் செலவிட்டாலே 60 வாட் பம்ப் ஏழெட்டு மணி நேரம் ஓடும். பெரும்பாலான மின்வெட்டுகளைச் சமாளிக்க அது போதும். ஆனால் பேட்டரி மூப்படைவது வெளியே தெரியாது. தேவைப்படும் இரவில்தான் தெரியும். மின்சாரம் இருக்கும்போதே பம்ப் பழுதானாலும் இதே ஆபத்துதான். அங்கே யூபிஎஸ்ஸுக்கு வேலையே இல்லை. மின்சாரம் போவதால் வரும் ஆபத்துக்கு இன்னொரு மின்கருவியை மட்டுமே காவல் வைப்பது முறையாகாது.

பாதுகாப்பு வால்வு என்ற வாதத்துக்குக் குக்கரே பதில். வெயிட் தூக்கி ஆவி போகும். ஆனால் அடுப்பை அணைக்காவிட்டால் தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகும். ஐரோப்பிய வீடுகளில் பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் திறக்கும் வால்வும் அப்படித்தான். அது அழுத்தத்தை விடுவிக்கும், வெப்பத்தின் ஊற்றைத் தொடாது. அது கடைசி அரண். அதையே முதல் அரணாக எண்ணக் கூடாது.

அப்படியானால் எதை நம்புவது? மின்சாரம் கேட்காத இயற்கையை. சூடான நீர் இலேசாகி மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும். கொதிகலனுக்கு மேல்தளத்தில் ஒரு ரேடியேட்டரைத் தடித்த குழாயால் இணைத்து, மின்சாரம் போன கணமே தானாகத் திறக்கும் வால்வை இடையில் வைத்தால், வெப்பம் தன் வழியில் வெளியேறும். இன்னொன்று வெப்ப வெளியேற்ற வால்வு. அதன் உணர்குமிழிலுள்ள திரவம் சுமார் 95 டிகிரியில் விரிந்து வால்வைத் திறக்கும்; குழாய்த் தண்ணீர் கொதிகலனுக்குள் உள்ள சுருள் வழியே ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு சாக்கடைக்குப் போகும். எளிதில் அணைக்க முடியாத தீ என்பதால்தான் திண்ம எரிபொருள் கொதிகலன்களுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 303-5 மிகைவெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாட்டை வலியுறுத்துகிறது.

வெப்ப வெளியேற்ற வால்வால் தண்ணீர் வீணாகும் என்பார்கள்; ஆபத்து வேளையில் மட்டுமே அது ஓடும். சொந்தக் கிணற்று மோட்டாரை நம்பிய வீட்டில் மின்சாரத்தோடு தண்ணீரும் நின்றுவிடுமே என்பது நியாயமான கேள்வி. அங்கே மேல்நிலைத் தொட்டியோ நீர் தானே சுழலும் ரேடியேட்டரோ வேண்டும். சூட்டில் விரியும் நீரை ஏற்கும் திறந்த விரிவுத்தொட்டி அழுத்தத்தைச் சேரவிடாது, ஆனால் காற்று கலந்து குழாய் துருப்பிடிக்கும் என்பதும் உண்மையே; மூடிய அமைப்பை விரும்புகிறவர் வெப்ப வெளியேற்ற வால்வைக் கட்டாயம் வைக்கட்டும். யூபிஎஸ்ஸும் இருக்கட்டும், வசதிக்காக. அது செத்துப்போன இரவிலும் கொதிகலன் தன்னைத்தானே ஆற்றிக்கொள்கிறதா என்பதே பாதுகாப்பின் அளவுகோல்.