ஒரே கருவியில் பல மோட்டார்கள்: நெல்லியாளம் தேயிலை விவசாயிகள் கவனத்திற்கு

தேயிலைத் தொழிற்சாலையின் செலவுக் கணக்கில் மின்சாரம் பெரியதோர் இனம் என்பதைப் பச்சை இலை வழங்கும் விவசாயிகள் யாவரும் அறிவர். அச்செலவு ஏறுமாயின், குன்னூர் ஏலத்தில் தூள் நல்ல விலைக்குப் போனாலும் இலைக்காரனுக்குக் கிடைக்கும் தொகை சுருங்கும். ஆதலின், மோட்டார்களை எவ்விதம் ஓட்டுவது என்பது எஞ்சினீயரின் கவலை மட்டுமன்று; கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் அங்கத்தினராயுள்ள நிலச் சொந்தக்காரர்களின் கவலையுமாகும்.

பறித்த இலையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை ஈரம் உண்டு. இலை வாட்டும் தொட்டிகளில் அதைப் பரப்பி, அடியிலிருந்து விசிறிகளால் காற்றுச் செலுத்தி, பல மணி நேரம் வாட்டிய பின்னரே அரைப்புக்கு எடுக்கிறோம். இலையின் மேலீரம் போகும் வரையில் காற்று பலமாக வேண்டும்; அதன் பின்னர் குறைந்த காற்றே போதும். இதற்காகத் தொழிற்சாலைகளில் 'டிரைவ்' என்று வழங்கும் வேக மாற்றுக் கருவி உபயோகமாகிறது. வினாடிக்கு 50 சுழற்சியாக வரும் மின்சாரத்தை இது நேர் மின்சாரமாக்கி, மீண்டும் நாம் விரும்பும் சுழற்சிக்கு மாற்றி மோட்டாருக்கு அனுப்புகிறது. சுழற்சி குறையக் குறைய மோட்டாரின் வேகமும் குறையும். விசிறியின் வேகத்தை ஐந்தில் நான்கு பங்காக்கினால், அது கேட்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். இதனாலேயே இக்கருவிக்கு இவ்வளவு மதிப்பு ஏற்பட்டது.

நிற்க. தொட்டிக்கொரு கருவி வாங்குவதைக் காட்டிலும், எல்லா மோட்டார்களையும் ஒரே பெரிய கருவியில் இணைத்தால் முதலீடு மிச்சமாகுமே என்று சிலர் கருதுகின்றனர். இக்கருத்தைத் தள்ளவும் கூடாது. ஆராயாமல் கொள்ளவும் கூடாது. எமது அபிப்பிராயத்தைச் சுருங்கக் கூறின்: ஒரு தன்மையான மோட்டார்கள் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்யுமாயின் அவை கருவியைச் சேர்ந்து அனுபவிக்கலாம், வேறுபட்ட மோட்டார்களாயின் முறை வைத்து ஒவ்வொன்றாக அனுபவிக்க வேண்டும். இவ்விரண்டுமல்லாத ஏற்பாடு நஷ்டத்திலேயே முடியும்.

முதல் வகைக்கு ரயில்வேயே சாட்சி. 1990களில் நம் நாட்டுக்கு வந்த டபிள்யூ.ஏ.ஜி.9 என்னும் சரக்கு ரயில் எஞ்சினின் ஆதி அமைப்பில், மூன்று மோட்டார்களுக்கு ஒரே மாற்றுக் கருவி மின்சாரம் வழங்கிற்று. அம்மூன்றும் ஒரே வகையின. ஒரே தண்டவாளத்தில் ஒரே வேகத்தில் ஓடுபவை. இரண்டாம் வகைக்கு 2019ஆம் ஆண்டு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் சூரிய பம்புகள் உதாரணம். அத்திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பொதுக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொண்டு, நீர் இறைக்காத வேளையில் தீவனம் நறுக்கும் இயந்திரத்தையோ மாவு அரைக்கும் இயந்திரத்தையோ ஓட்டலாம்.

தேயிலைத் தொழிற்சாலையில் இவ்விதி எங்கே பிசகுகிறது? நெல்லியாளம் போன்ற இடங்களில் இலை பல சிறு தோட்டங்களிலிருந்து பல வேளைகளில் வந்து சேர்கிறது. மத்தியானம் நிரப்பிய தொட்டி காற்றைக் குறைக்கும் பக்குவத்தை அடையும்போது, மாலையில் நிரப்பிய தொட்டிக்கு முழுக் காற்று வேண்டியிருக்கும். பொதுக் கருவியோ எல்லா விசிறிகளுக்கும் ஒரே சுழற்சியைத்தான் கொடுக்கும். ஒன்று அதிகம் வாடும்; மற்றொன்று வாடாது நிற்கும். ஆகையால் ஒரே வேளையில் நிரப்பப்படும் தொட்டிகளை மாத்திரம் ஒரு கூட்டமாகச் சேர்க்க வேண்டும். அரைப்பு இயந்திரத்தின் சுமை கணத்துக்குக் கணம் மாறுவது; அதை விசிறிகளோடு ஒருபோதும் சேர்க்கலாகாது. பழங்காலத்து நீண்ட தண்டில் ஒரே எஞ்சினால் பல இயந்திரங்களை ஓட்டியபோது, கப்பியின் அளவை மாற்றி இயந்திரத்துக்கு இயந்திரம் வேகத்தை மாற்றிக்கொண்டனர். இக்கருவி தானாக அவ்வசதியைத் தராது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குப் புலப்படாதது. நான்கு மோட்டார்கள் தலைக்கு 7.5 ஆம்பியர் வீதம் 30 ஆம்பியர் வாங்குவதாகவும், கருவி 36 ஆம்பியர் தாங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு மோட்டாரின் பேரிங் இறுகி அது 11 ஆம்பியர் இழுத்தாலும் மொத்தம் 33.5 தான். கருவிக்கு இது குற்றமாகத் தோன்றாது. அந்த மோட்டாரின் சுருளோ கருகிவிடும். எனவே ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனி ஓவர்லோடு ரிலே அவசியம். கருவி ஓடிக்கொண்டிருக்கையில் நின்ற மோட்டார் ஒன்றை நடுவில் இணைத்தலும் தவறு. அது தொடக்கத்தில் தன் அளவைப் போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்க, கருவி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். அத்துடன் எல்லா விசிறிகளும் நிற்கும்.

கருவியே பழுதானால் என் செய்வது? இலை காத்திராது. ஆகவே கருவியை விலக்கி விசிறிகளை நேர் மின்சாரக் கம்பியிலேயே ஓட்டுவதற்கு மாற்று ஸ்விட்சு இருத்தல் வேண்டும். இரு வழிகளும் ஒருங்கே இணையாதபடி பூட்டும் வேண்டும்.

லாபக் கணக்கிலும் நிதானம் தேவை. தேவாலா, பந்தலூர்ப் பக்கங்களில் தென்மேற்குப் பருவ மழை மிகுதி. நனைந்து வரும் இலைக்கு நெடுநேரம் முழுக் காற்று வேண்டுமாதலால், அம்மாதங்களில் மிச்சம் சொற்பமே. வறண்ட மாதத்தின் மிச்சத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டும் விற்பனைக் கணக்கை ஏற்கலாகாது.

ஆகவே, தொழிற்சாலைக் கமிட்டியில் இப்பேச்சு வரும்போது அங்கத்தினர்கள் வாளாவிருத்தல் கூடாது. எந்தெந்தத் தொட்டிகள் ஒருங்கே நிரம்புகின்றன? மோட்டார்தோறும் ரிலே உண்டா? கருவி நின்றால் மாற்று வழி என்ன? மழை மாதக் கணக்கு எங்கே? இந்நான்கு வினாக்களுக்கும் எழுத்து மூலம் விடை பெற்ற பின்னரே பணம் ஒதுக்குக. கிராம உத்தியோகஸ்தர்களும் இதனை விவசாயிகளுக்கு எடுத்துரைப்பார்களாயின், சிக்கனம் என்று தொடங்கிய காரியம் சிக்கனமாகவே முடியும்.