கிரைண்டரை யார் தேர்ந்தெடுப்பது?

ஜெயமங்கலத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது.

வீட்டில் ஏழு பேர். மாமனார், மாமியார், மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். காலையில் இட்லி, இரவில் தோசை. போதாததற்கு, மருமகள் மாவு ஆட்டித் தெருவில் நாலு வீட்டுக்கு விற்கிறாள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவு அதில்தான் நடக்கிறது.

அந்த வீட்டில் கிரைண்டர் நின்று விட்டது!

2011-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது அல்லவா? அப்போது வந்த கிரைண்டர். பல வருஷம் உழைத்தது. இப்போது சுவிட்சைப் போட்டால் முனகுகிறது, சுற்றவில்லை.

"தேனிக்குப் போய் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துர்றோம்" என்கிறான் மகன். துணைக்குத் தம்பி கிளம்புகிறான்.

"ஏங்க, நானும் வர்றேன்" என்கிறாள் மருமகள்.

"நீ எதுக்கு? கெரண்டருதானே! பாத்து வாங்க எங்களுக்குத் தெரியாதா?"

"ஆட்டுறது நானு. தூக்கி ஊத்துறதும் நானு."

மாமியார் நடுவில் புகுந்து, "அவளையும் கூட்டிட்டுப் போடா" என்கிறார். நல்ல மாமியார்!

மருமகள் கேட்டது நியாயம். வீட்டுக்கு வரும் டி.வி.யை எல்லோரும் பார்க்கிறார்கள். மோட்டார் சைக்கிளை ஆண்கள் ஓட்டுகிறார்கள். கிரைண்டரைத் தொடுவது ஒருத்தி. பணம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவள் அவள்.

எந்திரம் பிறந்த கதை

சமையல் அறைக்குள் பெரிய எந்திரங்கள் எப்படி வந்தன என்று பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும்.

1908-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற என்ஜினீயர் ஒரு ரொட்டிக்காரரைப் பார்த்தார். அவர் இரும்புக் கரண்டியால் மாவைப் பிசைந்து கொண்டிருந்தார். கை ஓய்ந்து போகும் வேலை. "இதை எந்திரம் செய்யக் கூடாதா?" என்று ஜான்ஸ்டன் யோசித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் மாவு பிசையும் எந்திரம். முதலில் பேக்கரிகளுக்கும் அமெரிக்கப் போர்க் கப்பல்களுக்கும் பெரிய எந்திரங்கள் போயின. 1919-ல் வீட்டுக்கு என்று ஒன்று செய்தார்கள். அதன் எடை சுமார் 30 கிலோ! அந்தக் காலத்தில் 189 டாலர் விலை. அதைச் சாதாரணக் குடும்பம் எப்படி வாங்கும்?

நம் நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. பம்பாயில் மாதுரி மாத்தூர் என்ற அம்மையார் ஒரு ஜெர்மன் மிக்சி வைத்திருந்தார். பழச்சாறுக்கும் மெல்லிய மாவுக்கும் செய்த எந்திரம் அது. நம் வீட்டுப் பருப்பையும் மசாலாவையும் போட்டதும் மோட்டார் கெட்டு விட்டது. அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ஜினீயர். மனைவியின் கஷ்டத்தைப் பார்த்து, நம் சமையலுக்கு ஈடு கொடுக்கும் பலமான மோட்டாரோடு ஒரு மிக்சி செய்தார். 1963-ல் கம்பெனி தொடங்கினார். அதுதான் 'சுமீத்'!

இட்லி மாவுக்கு வருவோம். 1955-ம் ஆண்டில் கோவையைச் சேர்ந்த பி.சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் ஆட்டுக்கல்லைச் செய்தார். கையால் ஆட்டும்போது கல் நிற்கும், குழவி சுற்றும். அவர் செய்த எந்திரத்தில் குழவி நிற்கிறது, பாத்திரம் சுற்றுகிறது! தமிழ்நாட்டுப் பெண்களின் தோள் வலியைக் குறைத்த எந்திரம் அது. இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2005-06-ல் அந்த மதிப்பு கிடைத்தது. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லுக்கு அந்தத் தொழிலில் நல்ல பெயர்.

"மிக்சி இருக்கிறதே, கிரைண்டர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மிக்சியில் கத்தி வெட்டுகிறது. நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிறது. மாவு சூடாகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றி ஆட்டுகிறவர்கள் அதனால்தான் ஊற்றுகிறார்கள். கிரைண்டரில் கல் நசுக்குகிறது. மெதுவாகச் சுற்றுகிறது. உளுந்துக்குள் காற்று ஏறிப் பொங்குகிறது. இரண்டு பேருக்கு எப்போதாவது என்றால் மிக்சி போதும். ஏழு பேருக்கும் தெருவுக்கும் என்றால் போதாது.

தூக்கிப் பார்த்தீர்களா?

கடையில் இரண்டு ரகம் இருக்கும். ஒன்று மேடை மேல் வைக்கும் சின்னக் கிரைண்டர். 'டேபிள் டாப்' என்பார்கள். உள்ளே இரண்டு அல்லது மூன்று சிறு கற்கள் உருளும். ஆட்டி முடிந்ததும் கல்லை எடுத்து விட்டு, பாத்திரத்தைத் தூக்கி மாவை வழிக்க வேண்டும். இன்னொன்று 'டில்டிங்' என்ற சாயும் கிரைண்டர். ஒரே பெரிய குழவி. மாவு ஆனதும் பாத்திரத்தை அப்படியே சாய்த்தால் மாவு வழிந்து விடும். தூக்க வேண்டியது இல்லை. ஆனால் இடத்தை அடைக்கும், விலையும் கூடுதல். ஒரு தடவை வைத்தால் வைத்த இடம்தான். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

கணவன்மார் கண்ணுக்குச் சின்னது அழகாகத் தெரியும். நிறமும் பளபளப்பும் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவு விற்கிற வீட்டில் ஒரு நாளைக்கு நாலு ஈடு ஆட்டுகிறார்கள் என்றால், மாதத்துக்கு 120 தடவை கல்லையும் பாத்திரத்தையும் தூக்க வேண்டும். ஈரக் கை. வழுக்கும் பாத்திரம். கீழே உட்கார்ந்து குனிந்து தூக்கினால் இடுப்பு என்ன ஆகும்?

ஆகையால் மாவு விற்கிற வீட்டுக்கும், ஆறேழு பேருக்கு மேல் உள்ள வீட்டுக்கும் சாயும் கிரைண்டர்தான் சரி. விலை கூடுதலாக இருந்தாலும் சரிதான். இரண்டு மாதம் பொறுத்து வாங்கினாலும் அதையே வாங்க வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தை என்ற வீட்டுக்கு அது வீண். மேடைக் கிரைண்டரே போதும். ஆனால் கடையிலேயே அந்தப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும். யார் தூக்குவது? ஆட்டப் போகிறவள்!

கடைக்காரர் "இரண்டு லிட்டர்" என்பார், "மூன்று லிட்டர்" என்பார். லிட்டரை வைத்து ஏமாறக் கூடாது. "ஊறின அரிசி எவ்வளவு போடலாம்? உளுந்து எவ்வளவு போடலாம்?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். உளுந்து பொங்கும். அரிசிக்குப் போதுமான பாத்திரம் உளுந்துக்குப் போதாமல் வழியும். வீட்டில் அளக்கும் படியையோ டம்ளரையோ கையில் கொண்டு போனாலும் தவறு இல்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்!

அடுத்தது வாட். "மிக்சி 750 வாட், கிரைண்டர் 150 வாட்தானே? மிக்சிதானே பலம்?" என்று சிலர் நினைக்கிறார்கள். வாட் என்பது எந்திரம் குடிக்கும் மின்சாரம். மிக்சி கொஞ்ச நேரம் வேகமாக ஓடி ஓய்வு எடுக்க வேண்டிய எந்திரம். கிரைண்டர் அரை மணி, முக்கால் மணி என்று ஒரே மூச்சில் ஓட வேண்டியது. எனவே கேட்க வேண்டிய கேள்வி, "நிறுத்தாமல் எத்தனை நிமிஷம் ஓடலாம்?" என்பது. குறிப்புப் புத்தகத்திலேயே எழுதியிருக்கும்.

கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 150 வாட் கிரைண்டரை நாளுக்கு 4 மணி நேரம் ஓட்டினால்கூட மாதம் 18 யூனிட்தான் ஆகும்.

அந்தக் குறிப்புப் புத்தகத்தில் சிறிய எழுத்தில் இன்னொன்றும் இருக்கும். உத்தரவாதம் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று பல கம்பெனிகள் போடுகின்றன. மாவு விற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மோட்டார் எரிந்த பிறகு படித்து என்ன பிரயோஜனம்? எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும் என்றால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட அழைத்துப் போகலாம். கடைக்காரர் காத்திருப்பார். விற்பனைக்கு ஆட்டுவதை மறைக்காமல் சொல்லி, அதற்கென்று செய்த பெரிய ரகம் உண்டா என்று கேட்பது நல்லது.

பெல்ட் அறுந்தால் எங்கே கிடைக்கும் என்பதையும் அப்போதே கேட்டு விட வேண்டும். தேனியிலோ பெரியகுளத்திலோ பெல்ட் கிடைக்கிற, பழுது பார்க்க ஆள் இருக்கிற கிரைண்டர், எங்கோ தூரத்து நகரத்துக்கு அனுப்ப வேண்டிய அழகான கிரைண்டரைவிட நூறு மடங்கு மேல்.

ஈரக் கை, எர்த் கம்பி

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. கிரைண்டர் தண்ணீரோடு வேலை செய்யும் எந்திரம். தொடுகிற கையும் ஈரம். நிற்கிற தரையும் ஈரம். மூன்று முள் பிளக் எதற்கு இருக்கிறது? மூன்றாவது முள் எர்த். உள்ளே கம்பி உடைந்து உடம்பில் கரண்ட் வந்தால், அதைப் பூமிக்குக் கொண்டு போவது அதுதான். பல வீடுகளில் மூன்று துளை இருக்கும். பின்னால் எர்த் கம்பியே இருக்காது! சிலர் மூன்றாவது முள்ளைப் பிடுங்கி எறிந்து விட்டு இரண்டு துளையில் செருகுகிறார்கள். கிரைண்டருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லச் சில நூறு ரூபாய் செலவழிக்கக் கூடாதா? கழுவும் முன் பிளக்கைப் பிடுங்குவது பழக்கமாக வேண்டும்.

வோல்டேஜ் குறையும் ஊர்களில் மோட்டார் திணறும், சூடாகும். அப்போது அடம் பிடித்து ஓட்டக் கூடாது. முதலில் வெறும் பாத்திரத்தைச் சுற்ற விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். முழுவதையும் கொட்டி விட்டு சுவிட்சைப் போடுவதுதான் பாதி மோட்டார்களுக்கு எமன்.

கேக் செய்யும் மகளுக்கு

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேக் கேட்கிறார்கள். வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண்கள் சின்ன ஊர்களிலும் வந்து விட்டார்கள். அவர்கள் 'ஸ்டாண்ட் மிக்சர்' கேட்கிறார்கள். (கொறிக்கிற மிக்சர் அல்ல!) ஜான்ஸ்டன் செய்த எந்திரத்தின் பேரப்பிள்ளை அது. பாத்திரம் நிற்கும். அடிக்கும் கம்பி தன்னைத் தானே சுற்றிக் கொண்டு பாத்திரத்தையும் சுற்றி வரும், பூமி சூரியனைச் சுற்றுவது போல.

கிரைண்டரோடு சப்பாத்தி மாவு பிசையும் கருவியும் தேங்காய் துருவியும் சேர்த்து விற்கிறார்கள். சப்பாத்திக்கு அது போதும். ஆனால் முட்டையை நுரைக்க அடிக்கக் கிரைண்டருக்குத் தெரியாது. பிறந்த நாளுக்கு ஒரு கேக் என்றால் கையில் பிடிக்கும் சின்ன பீட்டரே தாராளம். வாரந்தோறும் ஆர்டர் வருகிறது, ரொட்டியும் பிசைய வேண்டும் என்றால்தான் பெரிய எந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். கேக் மாவு இளகினது. ரொட்டி மாவு முரட்டு மாவு. கேக்குக்குப் பெருமையாக ஓடும் எந்திரம் ரொட்டிக்கு மூச்சு முட்டும். எத்தனை கிலோ ரொட்டி மாவு பிசையும், உள்ளே பல்சக்கரம் இரும்பா பிளாஸ்டிக்கா என்று கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்தவள் அந்த மகள்தான். அப்பாவும் அண்ணனும் அவளை விட்டு விட்டுப் போனால் நிறத்தைப் பார்த்து வாங்கி வருவார்கள்.

ஜெயமங்கலத்து வீட்டில் மருமகளும் கிளம்பி விட்டாள். கையில் உழக்கு ஒன்று. தேனிக் கடையில் மூன்று கிரைண்டரைத் தூக்கிப் பார்த்தாள். நாலாவதைத் தூக்கவில்லை, சாய்த்துப் பார்த்தாள். அதையே கேட்டாள். கையில் இருந்த பணம் போதவில்லை. தம்பி தன் பையைத் துழாவினான்.

சாயந்திரம் எந்திரம் வந்து இறங்கியது. அன்றே மாவு ஆட்டவில்லை. புதுக் கல்லில் மணல் மாதிரித் தூள் உதிரும். முதலில் கல்லைக் கழுவினாள். கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டி, வந்த மாவைக் கொட்டினாள். மறுபடியும் ஓட்டி, மறுபடியும் கொட்டினாள். மூன்றாவது தடவை மாமியார் ஒரு துளி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்று இல்லை.

"உளுந்த ஊறப் போடுத்தா" என்றார்.