தண்ணீரில் பூத்த விளக்கு

அந்தி விளக்கு ஏற்றாத வீட்டுக்குள் திருமகள் அடியெடுத்து வைக்க மாட்டாள் என்று நம் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தச் சொல்லை மந்திரமாகக் கொண்டு வாழ்ந்தவர் அந்த அம்மையார். திருவாரூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அதே வட்டாரத்தில் வாழ்க்கைப்பட்டவர். 55 ஆண்டுகள் ஒரே பித்தளை விளக்கைத் துலக்கி, பொட்டிட்டு, திரி போட்டு ஏற்றியவர். கணவர் சிவபதம் அடைந்தபின் எர்ணாகுளத்தில் பணிபுரியும் மகனுடைய இல்லத்துக்கு வந்தபோது, தம் கையோடு எடுத்து வந்த பொருள் அந்த விளக்கு ஒன்றுதான்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் அந்த விளக்குக்கு ஓர் இடம் கிடைத்தது. மகனும் மருமகளும் குறை வைக்கவில்லை. ஆயினும் தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அது நடந்தது. குனிந்து திரியைத் தூண்டும்போது அம்மையாரின் முந்தானை சுடரில் பட்டது. நைலான் கலந்த புடவை, நொடியில் பற்றிக்கொண்டது. அடுக்களையிலிருந்து ஓடிவந்த மருமகள் வெறுங்கையாலேயே நெருப்பை அமுக்கி அணைத்தாள். மாமியாருக்குச் சிறு காயமும் இல்லை. மருமகளின் வலது உள்ளங்கை மட்டும் பொரிந்து போயிற்று.

மறுநாளே பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்று பூசை அலமாரியில் இடம்பெற்றது. சுடர் அசைவது போலவே அதுவும் அசையும். விசையைத் தட்டினால் எரியும், தட்டினால் அணையும். பித்தளை விளக்கு துணியில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போயிற்று. அம்மையார் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. "உங்கள் நன்மைக்குத்தான் அம்மா" என்றான் மகன். அவரும் தலையசைத்தார். ஆனால் அன்று முதல் அந்திப்பொழுதில் அவர் பூசை அலமாரியின் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். பத்து வயதுப் பேரன் விசையைத் தட்டிவிட்டு விளையாடப் போவான். சில நாள்களில் அணைக்க மறந்து, அந்தப் பொய்ச்சுடர் விடியும் வரை ஆளில்லாமல் அசைந்துகொண்டிருக்கும்.

வயது முதிர்ந்தவர்கள் இல்லத்தில் ஒவ்வொரு பொறுப்பாகக் கைநழுவ விடுவது இயல்பு. சாவிக்கொத்து போகும், சமையற்கட்டு போகும், வரவு செலவுக் கணக்கு போகும். அவற்றையெல்லாம் அந்த அம்மையார் மனம் கோணாமல் கொடுத்தவர்தாம். விளக்கு போனபோதுதான் அவருடைய பேச்சு குறைந்தது. உணவும் குறைந்தது.

பங்குனி அமாவாசைக்கு மறுநாள். பேரனுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்திருந்தது. "கும்பளங்கியில் கவரு பூத்திருக்கிறதாம், பாட்டியையும் அழைத்துப் போவோம்" என்று அவன் பிடிவாதம் பிடித்தான். எர்ணாகுளத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், காயல்நீர் சூழ்ந்த சிற்றூர் கும்பளங்கி. சீன வலைகளும், இறால் வளர்க்கும் கட்டுகளும், மழைக்காலத்தில் பொக்காளி நெல் விளையும் உவர்நிலங்களும் நிறைந்தது. இருளில் அந்த நீர் நீல ஒளி சிந்துவதைத்தான் அவ்வூரார் 'கவரு' என்கிறார்கள். 2019இல் வெளிவந்த மலையாளத் திரைப்படம் ஒன்று அந்தக் காட்சியைக் காட்டிய பிறகு, வெளியூர் மக்களும் கோடை இரவுகளில் அங்கே வரத் தொடங்கினார்கள்.

மாலையில் முதலில் எர்ணாகுளத்தப்பனைத் தரிசித்தார்கள். மேற்கு நோக்கி, காயலைப் பார்த்து எழுந்தருளியிருக்கும் சிவபெருமான் அவர். கேரளத்துக் கோயில்கள் பலவற்றில் கருவறைக்குள் மின்விளக்கு இடும் வழக்கமில்லை. எண்ணெய்ச் சுடரின் ஒளியிலேதான் இறைவனின் திருமேனியைக் காண வேண்டும். தீபாராதனையின்போது அம்மையார் நெடுநேரம் கைகூப்பி நின்றார். கண்களில் நீர் வழிந்தது. மருமகள் அதைக் கண்டாள். கண்டும் காணாதவள் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரவு எட்டரை மணிக்குப் படகில் ஏறினார்கள். மோட்டார் இல்லாத சிறு வள்ளம். ஐம்பதைக் கடந்த படகோட்டி நீண்ட கழியை ஊன்றித் தள்ளினார். அம்மையாருக்கு நடுப்பலகையில் இடம். உடன் அணைத்தாற்போல் மருமகள். கரையின் விளக்குகள் பின்வாங்கியதும் படகோட்டி, "எல்லாரும் கைப்பேசியை அணைத்துவிடுங்கள். கண்ணுக்கு இருட்டு பழக வேண்டும். அதுவரை கவரு தென்படாது" என்றார். மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 நிமிடம் முதல் அரைமணி நேரம் வரை ஆகும். இடையில் ஒருமுறை கைப்பேசியின் வெளிச்சம் கண்ணில் பட்டாலும், பழகியதெல்லாம் வீணாகிவிடும்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கரிய நீர், கரிய வானம், மீன்களின் துள்ளல் ஓசை. பேரன் பொறுமை இழந்தான். அப்போது கழி நீரில் இறங்கிய இடத்தில் ஒரு நீலக் கீற்று எழுந்து மறைந்தது. அடுத்த ஊன்றலில் இன்னொன்று. படகின் இருமருங்கிலும் நீர் விலகிய வழியெல்லாம் பொடிப்பொடியாய் ஒளி சிதறியது. அடியில் ஓடிய மீன் ஒன்று தன் பாதையைத் தானே கோடு கிழித்துக் காட்டிச் சென்றது.

"பாட்டி, தண்ணீர் விளக்கு! நீங்கள் சொன்ன கதையில் வந்த தண்ணீர் விளக்கு!" என்று பேரன் கூவினான்.

அவன் குறிப்பிட்ட கதை, திருவாரூர் மண்ணில் பிறந்தவர் எவரும் மறவாதது. ஏமப்பேறூரில் அவதரித்த நமிநந்தியடிகள் நாள்தோறும் திருவாரூருக்கு வந்து தொழுபவர். ஒருநாள் அங்குள்ள அரநெறித் திருக்கோயிலில் வழிபட்டபோது, திருவிளக்குகள் பல ஏற்ற வேண்டும் என்ற வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது. பொழுதோ சாய்ந்துவிட்டது. ஊருக்குப் போய் நெய் கொண்டுவர நேரமில்லை. அருகில் இருந்த வீடொன்றில் நெய் கேட்டார். அங்கிருந்த மாற்றுச் சமயத்தார், கையில் நெருப்பை ஏந்தியவருக்கு விளக்கு எதற்கு என்று எள்ளி நகைத்து, வேண்டுமானால் தண்ணீரை ஊற்றி எரிக்கச் சொன்னார்கள். மனம் நொந்த அடிகள் இறைவன் திருமுன் வந்து வீழ்ந்தார். அப்போது, எதிரே உள்ள குளத்து நீரை முகந்து வந்து விளக்கேற்றுமாறு வானில் ஒரு திருவாக்கு எழுந்தது. அவ்வாறே அவர் குளத்தில் இறங்கி நீரை முகந்துவந்து, அகலில் வார்த்து, திரியிட்டு ஏற்றினார். சுடர் விட்டு எரிந்தது. கோயில் முழுதும் விளக்குகள் விடிய விடிய நின்று ஒளிர்ந்தன என்று பெரியபுராணம் பேசுகிறது.

கவருவின் காரணத்தை அறிவியல் தெளிவாகச் சொல்கிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத மிதவை நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் அந்த நீரில் வாழ்கின்றன. 'நாக்டிலுகா' என்பது அவ்வகையில் பலரும் அறிந்த ஒன்று. நீர் அசைந்து அவற்றின் உடலில் அழுத்தம் பட்டதும், உள்ளே 'லூசிஃபெரின்' என்னும் பொருள் 'லூசிஃபெரேஸ்' என்னும் நொதியின் துணையால் உயிர்வளியோடு வினைபுரிந்து ஒளியை உமிழ்கிறது. ஒவ்வொரு மின்னலும் ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. தம்மைத் தின்ன வரும் உயிரை அது மிரட்டி விலக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கோடையில் காயல்நீரில் உப்பு மிகும்போது கவரு பூக்கும். மழை பெய்து நன்னீர் கலந்தால் மறையும். சென்னையில் 2019 ஆகஸ்டு 18 இரவு, திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கடற்கரைகளில் அலைகள் நீலமாய் ஒளிர்ந்ததும் இவ்வகை உயிர்களால்தான்.

இதை அறிந்ததும், 'நமிநந்தியடிகளின் அற்புதம் இவ்வளவுதானா!' என்று எண்ணிவிடலாகாது. கவரு திரியில் நின்று எரிவதில்லை. குளத்து நன்னீரில் நாக்டிலுகா வாழ்வதுமில்லை. அடியாருக்கு இறைவன் செய்த அருள் வேறு. படைப்பில் அவன் வைத்திருக்கும் அழகு வேறு. ஆயினும் ஒன்று மற்றொன்றை நினைவூட்டுவதில் பிழை இல்லை.

அம்மையார் மெல்லக் குனிந்தார். மருமகள் பதறி அவர் இடையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். சுருக்கம் விழுந்த அந்தக் கை நீரைத் தொட்டது. விரல்களைச் சுற்றி நீலம் மலர்ந்தது. கையைத் தூக்கியபோது, துளிகள் ஒளிமணிகளாய் உதிர்ந்தன. உள்ளங்கை நிறைய நீரை அள்ளினார். ஒளிர்ந்தது, நீர் அசைவற்று நின்றதும் இருண்டது. கையை லேசாக அசைத்தார். மீண்டும் ஒளிர்ந்தது.

"சுடவே இல்லையே" என்றார், குழந்தையைப் போல. உண்மைதான். எண்ணெய்ச் சுடர் தரும் ஒளியைவிட வெப்பமே மிகுதி. இந்த உயிர்களின் ஒளியிலோ வெப்பம் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் இதைக் குளிர்ஒளி என்கிறார்கள்.

"பார்த்தீர்களா அம்மா! நெருப்பு இல்லாவிட்டாலும் விளக்கு விளக்குதானே?" என்றான் மகன். நல்ல வாய்ப்பு கிடைத்தது என்று அவன் எண்ணியிருக்க வேண்டும்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இரண்டு மாதங்களாக உள்ளே கிடந்த சொற்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. "நெருப்பு இல்லையே என்று நான் வருந்தவில்லையப்பா. இந்தத் தண்ணீரிலும் நெருப்பு இல்லை. ஆனால் கை வைத்தால்தான் வருகிறது. கையை எடுத்தால் போய்விடுகிறது. அலமாரியில் இருக்கும் விளக்குக்கு என் கை வேண்டாம். நான் இருந்தாலும் எரிகிறது, இல்லாவிட்டாலும் எரிகிறது. அந்தியில் சுவாமிக்கு நான் செய்ய ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது."

படகில் எவரும் பேசவில்லை. கழியின் ஓசை மட்டும் கேட்டது.

இருளில் மருமகளின் குரல் தழுதழுத்தது. "அத்தை, எனக்குப் பூசையில் பற்று இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அன்று உங்கள் புடவை எரிந்ததை இன்னும் கனவில் காண்கிறேன். உங்களை எடுத்துக்கொடுத்துவிட்டு விளக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?"

அம்மையார் மருமகளின் வலக்கையைத் தேடிப் பிடித்தார். தழும்பேறிய அந்த உள்ளங்கையை இதற்கு முன் அவர் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. விளக்கை இழந்த துயரில், தம்மைக் காத்த கையை மறந்திருந்தார். அதைத் தம் கையோடு சேர்த்து நீரில் அமிழ்த்தினார். இரண்டு கைகளையும் சுற்றி ஒரே ஒளி எழுந்தது. "என் ஆயுசை இந்தக் கையில் அல்லவா வைத்திருக்கிறான் ஈசன்" என்றார்.

பேரனும் ஆசை தீர நீரை அளையத் தொடங்கினான். "போதும் மோனே" என்று படகோட்டி அன்போடு தடுத்தார். "ஓயாமல் கலக்கினால் ஒளி மங்கிவிடும். அதற்கும் இளைப்பாற வேண்டும்." அதுவும் உண்மையே. மீண்டும் மீண்டும் சீண்டப்பட்ட உயிர்கள் ஒளி குன்றும். சில காலம் ஓய்ந்த பின்னரே பழையபடி ஒளிரும்.

மறுநாள் பித்தளை விளக்கு பரணிலிருந்து இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்குப் போகவில்லை. குனியத் தேவையில்லாதபடி இடுப்பளவு உயரக் கல் மேடையில், அகன்ற பித்தளைத் தாம்பாளத்தின் நடுவே அமர்ந்தது. திரைச்சீலை அப்பால் நகர்த்தப்பட்டது. அந்தியில் அம்மையார் பருத்திப் புடவைதான் உடுத்த வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிவிடுவது மருமகளின் பொறுப்பு. ஐந்து முகத்துக்குப் பதில் ஒரு முகம். எண்ணெய் வார்ப்பது பேரன். தீக்குச்சியைக் கிழித்துத் தருவது மருமகள். ஏற்றுவது அம்மையார். வழிபாடு முடியும் வரை இருவரும் அங்கேயே நிற்பார்கள். பிறகு மருமகள் பூவால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து விளக்கை மலையேற்றுவாள். எல்லாம் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். மகன் வாங்கி வந்த பேட்டரி விளக்கும் வீணாகவில்லை; இரவில் அம்மையார் எழுந்து நடக்கும் வழியில் அது துணைக்கு எரிகிறது.

அரநெறியில் நடந்ததை இங்கே மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். கையில் தீயேந்திய பெருமான் நினைத்த மாத்திரத்தில் எல்லா விளக்குகளையும் தானே ஏற்றியிருக்க முடியும். அவன் அவ்வாறு செய்யவில்லை. குளத்தில் இறங்கு, நீரை முகந்து வா, ஏற்று என்று அடியாரைப் பணித்தான். அற்புதத்திலும் அடியாரின் கைக்கு ஒரு வேலையை மிச்சம் வைத்தான். ஒளி அவனுடையது, தொண்டு அடியாருடையது.

இல்லங்களில் முதியோரைக் காக்கும் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்வது நல்லது. ஆபத்தை விலக்க வேண்டும். அதோடு அவர்கள் கைத்தொண்டையும் விலக்கிவிடலாகாது. முதியோரும் காக்கும் கையைக் கட்டும் கையென்று எண்ணிவிடலாகாது. இரண்டு கைகளும் சேரும் இடத்தில் ஈசன் ஒளியாய் எழுந்தருள்வான்.